மூன்று நாள் டிராக் சைக்கிள் சாம்பியன்ஷிப்: இரண்டு நாள் ஓட்டினேன், ஒரு நாள் பார்த்தேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ஓட்டும் மரப்பலகைப் பாதைமேல் நடந்த அத்தனையும் முதல் தரம். ஆனால் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்லும் வேலை பாதிகூட நடக்கவில்லை. வீரராக எனக்குக் கிடைத்த கவனிப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், பார்வையாளராகக் கிடைத்ததற்கு இரண்டரைதான். ஒரே அரங்கம், ஒரே போட்டி, ஒரே ஏற்பாட்டாளர்கள். உள்ளே இறங்கினால் ஒரு அனுபவம், மேலே போய் உட்கார்ந்தால் வேறொரு அனுபவம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததால் இதை எழுதத் தோன்றியது.

முதல் இரண்டு நாள் வயதுப் பிரிவுப் போட்டிகள். மூன்றாவது நாள் முன்னணி வீரர்களின் இறுதிப் போட்டிகள். நான் முதுநிலை (மாஸ்டர்ஸ்) பிரிவில் மூன்று போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருந்தேன்: ஸ்பிரிண்ட், ஸ்க்ராட்ச், எலிமினேஷன். மூன்றாம் நாள் டிக்கெட் எடுத்து, காலையிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை இருக்கையில் இருந்தேன்.

அரங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 250 மீட்டர் மரப்பாதை. வளைவுகளில் 42 டிகிரி சாய்வு. இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது, வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது சுவர் என்று புரியும். சைக்கிளை விட்டுவிட்டு ஷூவோடு ஏறிப் பார்த்தால் கால் நிற்காது. அதன்மேல் சைக்கிள் நிற்பதற்கு ஒரே காரணம் வேகம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் வைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, வளைவில் அதற்குக் கீழே போனால் டயர் வழுக்க ஆரம்பிக்கும். முதல்முறை ஏறுபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு பயத்தில் மெதுவாகப் போவதுதான். இந்த ஒரு இடத்தில் மெதுவாகப் போவதுதான் ஆபத்து.

பலகை அருமையாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. நீளவாக்கில் பதித்த மெல்லிய பட்டைகள், இரண்டுக்கும் நடுவில் எங்கும் பிளவு இல்லை, எங்கும் சிலாம்பு கிளம்பியிருக்கவில்லை. இதை நான் குறிப்பாகத் தேடிப் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. 2011-ல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பையில், மோட்டார் வண்டியின் பின்னால் கிளம்பிக் கடைசியில் பாயும் கீரின் பந்தயத்தின் இறுதியில் மலேசியாவின் அஜிசுல்ஹஸ்னி அவாங் விழுந்தபோது, சுமார் 20 சென்டிமீட்டர் நீள மரச்சிலாம்பு அவர் கெண்டைக்காலில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டது. அந்தக் காலோடு எழுந்து, சைக்கிளில் ஏறி, கோட்டைத் தாண்டி மூன்றாவதாக முடித்தார். அந்தப் படத்தைப் பார்த்த யாரும் பலகையைக் கையால் தடவிப் பார்க்காமல் ஏற மாட்டார்கள்.

பதிவும் சைக்கிள் பரிசோதனையும் சீக்கிரமே முடிந்தன. பரிசோதனை செய்தவர் ஹேண்டில் முனைகளில் அடைப்பான் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார், சக்கர நட்டுகளை அசைத்துப் பார்த்தார், செயின் தொய்வைப் பார்த்தார், டயரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம். அடைப்பான் இல்லாத ஹேண்டில் குழாய் விழும்போது உடம்பில் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிடத்தின் அருமை தெரியும். டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றும், பெடல் சுற்றினால் கால் சுற்றியே ஆக வேண்டும். வேகத்தைக் குறைக்க மேலே ஏற வேண்டும் அல்லது காலால் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். அதனால் சைக்கிளில் பழுதாக இருக்கும் சின்னப் பொருள்கூட இங்கே பெரிய விஷயம்.

குறை சொல்ல வேண்டிய ஒன்று முதல் நாள் காலைப் பயிற்சி நேரம். ஸ்பிரிண்ட் ஆட்களையும் நீண்ட தூர ஆட்களையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டுவிட்டார்கள். நீண்ட தூர ஆட்கள் கீழே, பாதையின் உள்விளிம்பை ஒட்டிய கறுப்புக் கோட்டில் வரிசையாகச் சீரான வேகத்தில் போவார்கள். ஸ்பிரிண்ட் ஆட்கள் மேலே வேலியோரம் ஊர்ந்துவிட்டுத் திடீரென்று தலைகீழாக இறங்குவார்கள். இரண்டு பேரும் ஒரே பாதையில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு முன்னால் போன ஒருவரின் முன் சக்கரத்தில் இறங்கி வந்தவரின் பின் சக்கரம் மோதாமல் நூலிழையில் தப்பியது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போய்ச் சொன்னோம். மறுநாள் காலை நேரத்தைப் பிரித்துவிட்டார்கள், அதுவும் மறுபேச்சு இல்லாமல். தப்பு நடந்தது, சொன்னதும் திருத்தினார்கள், அதனால்தான் அரை மதிப்பெண்ணோடு விட்டுவிட்டேன்.

பாதைக்கு உள்ளே இருக்கும் நடுத்திடலில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் தாராளம். ரோலர் (நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் உருளைகள்) போட்டு வார்ம்-அப் செய்ய, சைக்கிளைத் தொங்கவிட, கியர் மாற்ற, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. கியர் மாற்றுவது என்றால் இங்கே லீவரைத் தட்டுவது இல்லை. 15 எம்எம் ஸ்பேனரால் பின் சக்கரத்தைத் தளர்த்தி, முன்னால் செயின்ரிங் என்ற பெரிய பல்சக்கரத்தையோ பின்னால் ஸ்ப்ராக்கெட் என்ற சின்னப் பல்சக்கரத்தையோ கழற்றி வேறு போட்டு, செயினை இழுத்து நேராக்கி இறுக்க வேண்டும். நான் 200 மீட்டருக்கு 52-க்கு 14 போட்டேன், அதாவது முன்னால் 52 பல், பின்னால் 14 பல், பெடலை ஒரு முறை சுற்றினால் கிட்டத்தட்ட 7.8 மீட்டர் போகும். ஸ்க்ராட்சுக்கு 50-க்கு 14. நடுவில் முக்கால் மணி நேரம் இருந்தது, ஏற்பாட்டாளர்கள் வைத்திருந்த மெக்கானிக் என் கூடவே நின்று செயின் நேர்கோட்டைப் பார்த்துக் கொடுத்தார், கேட்காமலேயே.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

ஸ்பிரிண்ட் இரண்டு இரண்டு பேராக மோதும் போட்டி. அதற்குத் தகுதி பார்ப்பது வேகத்தோடு வந்து எடுக்கும் 200 மீட்டர் நேரம். வேகம் கூட்டிக்கொள்ளச் சில சுற்றுகள் தருவார்கள், கடைசி 200 மீட்டருக்கு மட்டும்தான் கடிகாரம். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் தனியாகச் சுற்றிவிட்டுப் போகிறார் என்று தோன்றும். உள்ளே நடப்பது வேறு. முதல் சுற்றுகளில் வேலியை ஒட்டி மேலே மேலே போய் உயரத்தைச் சேமிக்கிறீர்கள். அந்த உயரம்தான் உங்கள் பணம். சுற்றின் கடைசியான நாலாம் வளைவிலிருந்து வெளியே வரும்போது சீட்டிலிருந்து எழுந்து நாலு மிதி முழு பலத்தில் மிதித்து, அடுத்த வளைவுக்குள் அந்த உயரத்தை எல்லாம் ஒரே மூச்சில் செலவழித்துக் கறுப்புக் கோட்டுக்கு இறங்க வேண்டும். கொஞ்சம் முன்னால் இறங்கினால் கடைசி 50 மீட்டரில் கால் காலியாகிவிடும், கொஞ்சம் தாமதித்தால் கடிகாரம் ஆரம்பித்த பிறகும் வேகம் கூடிக்கொண்டே இருக்கும், அதாவது நேரத்தை வீணாக்கிவிட்டீர்கள். வளைவின் அடியில் உடம்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனக்கிறது. தலையை நிமிர்த்தி வைப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது, கைமுட்டி தானாக மடங்கப் பார்க்கிறது, கறுப்புக் கோடு சக்கரத்துக்கு அடியில் நெளிவதுபோல் தெரிகிறது.

என் நேரம் 12.41 விநாடி, மணிக்கு 58 கிலோமீட்டர். என் வாழ்நாளில் சிறந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரேசன் இதே தூரத்தை 9.088 விநாடியில் போனார், மணிக்கு 79 கிலோமீட்டருக்கு மேல். 2025 ஆகஸ்டில் துருக்கியின் கொன்யாவில் மேத்யூ ரிச்சர்ட்சன் 9 விநாடிக்கும் கீழே போய்விட்டார். மூன்றரை விநாடி வித்தியாசம் என்று எழுதும்போது சின்னதாகத் தெரிகிறது. அந்த மூன்றரை விநாடியில் என்னால் 55 மீட்டருக்கு மேல் போக முடியும். நான் கோட்டைத் தொட அத்தனை தூரம் மிச்சம் இருக்கும்போது அவர்கள் முடித்துவிட்டு நிமிர்ந்திருப்பார்கள்.

இந்தப் போட்டி நடக்கும்போது அரங்கத்தின் வெளிக்கதவுகள் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தார்கள், ஒவ்வொரு கதவிலும் ஒரு ஆள். சூடான காற்று அடர்த்தி குறைவானது, அதைக் கிழித்துப் போவது எளிது, அதனால் வேகமான அரங்கங்கள் எல்லாம் 26, 28 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும். கதவு திறந்தால் சூடும் போகும், குறுக்குக் காற்றும் வரும். கடைசியாக ஓட்டியவருக்கும் முதலில் ஓட்டியவருக்கும் ஒரே காற்று கிடைத்தது என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. வளைவுகளில் கீழ்ப்பக்க நீலப் பட்டையில் யாரும் இறங்கிக் குறுக்கே போகாதபடி பஞ்சுக் கட்டைகள் வைப்பார்கள். ஒரு கட்டை அரை விரல் நகர்ந்திருந்ததற்கு ஒரு நடுவர் அடுத்த வீரரை நிறுத்தி வைத்துவிட்டு நடந்து போய்ச் சரிசெய்தார். எனக்கு அந்த நடுவரின் முகம்கூட இப்போது நினைவில் இல்லை, அந்த நடை நினைவிருக்கிறது.

16 பேரில் பத்தாவதாக வந்து முதல் சுற்றுக்குத் தகுதி பெற்றேன். எதிரே மூன்றாவதாக வந்தவர். குலுக்கலில் முன்னால் போகும் இடம் எனக்கு விழுந்தது. மூன்று சுற்று, முன்னால் போகிறவர் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருகிறவர் காத்திருக்கலாம். நான் வேலிக்கு ஏறினேன், அவரும் ஏறினார். கடைசிச் சுற்று மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் இடது தோளுக்கு மேல் பார்ப்பதற்குப் பதிலாக வலது பக்கம் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான், அடியில் புகுந்து போய்விட்டார். துரத்தினேன், இரண்டு சைக்கிள் நீளத்தில் முடிந்தது. வலுவான ஆளிடம் தோற்றதில் வருத்தமில்லை, அந்த ஒரு பார்வைக்காக இரவு முழுக்க வருத்தப்பட்டேன்.

ஸ்க்ராட்ச் 40 சுற்று, 10 கிலோமீட்டர், 22 பேர். இதில் நடுவே புள்ளி எதுவும் கிடையாது, கடைசியில் யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவர் வெற்றி. ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கூட்டத்தைவிட்டுப் பிரிந்து போய் ஒரு முழுச் சுற்று எடுத்துக் கூட்டத்தின் வாலில் வந்து சேர்ந்துவிட்டால், அவர் எல்லோரையும்விட ஒரு சுற்று முன்னால். அன்று 15-ஆவது சுற்றுக்கு அப்புறம் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டோம், யாரும் முன்னால் போய் இழுக்கத் தயாரில்லை, இழுத்தால் பின்னால் இருப்பவர்களுக்குத்தானே லாபம். பத்து சுற்றில் அவர்கள் எங்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு மிச்சம் மூன்றாம் இடத்துக்கான சண்டைதான். கடைசி வளைவில் நான் மூன்றாவது சக்கரமாக இருந்து, மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினேன். முடிவுப் பட்டியலில் ஐந்தாவது.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் ஆரம்பிக்கிறது. என்னோடு வந்த நண்பர்கள் இரண்டு பேர் மேலே உட்கார்ந்திருந்தார்கள். நான் கோட்டைத் தாண்டியதும் மூன்றாம் இடம் என்று எழுந்து நின்று கத்தியிருக்கிறார்கள், படம் எடுத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். யார் சுற்று எடுத்தார்கள் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய ஸ்கோர் பலகையில் மிச்சச் சுற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நடுவர்களிடம் எல்லாக் கணக்கும் துல்லியமாக இருந்தது. கையால் எழுதும் ஒருவர், அவர் பக்கத்தில் சத்தமாகப் படிக்கும் ஒருவர், கோட்டுக்கு நேராகக் கேமரா. அந்தக் கணக்கு பத்து மீட்டர் தள்ளி இருந்த பார்வையாளர்களிடம் போய்ச் சேரவில்லை.

எலிமினேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நடுவழியில் வெளியேறினேன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசி ஆள் வெளியே. மற்ற போட்டிகளில் முன் சக்கரத்தின் முனையைப் பார்ப்பார்கள், இதில் பின் சக்கரத்தைப் பார்ப்பார்கள். அதனால் கீழே உள்ளே அடைபட்டுக் கிடப்பவர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் போய்விடுவார், நான் போனது அப்படித்தான். நடுவர் என் எண்ணை அறிவித்தபோது எனக்கு ஒரு நொடி சந்தேகம் இருந்தது, இறங்கி வந்து கேட்டேன், பொறுமையாகத் திரையில் காட்டினார். ஒரு சாண் வித்தியாசம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள். இருக்கை.

முதலில் எங்கே உட்காருவது. முடிவுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் இடங்கள்தான் முதலில் தீர்ந்துபோகின்றன, நானும் காலையில் அங்கேதான் இருந்தேன். அங்கே உட்கார்ந்தால் முடிவைப் பார்க்கலாம், ஆனால் போட்டி எங்கே முடிவானது என்று பார்க்க முடியாது. மதியத்துக்கு மேல் முதல் இரண்டு வளைவுகளுக்கு மேலே காலியாக இருந்த இடத்துக்கு மாறினேன். ஸ்பிரிண்ட் பார்க்க அதுதான் இடம். கடைசி 200 மீட்டர் கோடு அந்த வளைவில்தான் இருக்கிறது, இரண்டு பேரில் யார் முதலில் பாய்கிறார் என்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் நடக்கிறது. ஒருவர் மேலே இருந்து மூக்கைக் கீழே திருப்பும் அந்தக் கணம் உங்கள் காலடியில் நடக்கும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே யார் முதலில் இறங்கினார் என்று பாருங்கள். பாய்ச்சல் ஆரம்பித்த பிறகு அந்த ஒடுக்கமான பாதையைப் பிடித்தவர் அதிலேயே இருக்க வேண்டும், மற்றவர் அவரை உள்பக்கமாகத் தாண்டக் கூடாது, சுற்றி வெளியே வந்துதான் ஆக வேண்டும், வெளியே என்றால் அதிக தூரம். கூட்டமாகப் போகும் போட்டிகளுக்கு எதிர்ப்பக்க நேர்ப்பகுதியில், உயரமான கடைசி வரிசைகள். முழுப் பாதையும் ஒரு தட்டைப் பார்ப்பதுபோல் தெரியும்.

டீம் பர்ஸ்யூட் பார்க்க எங்கே உட்கார்ந்தாலும் சரி, அது காதால் பார்க்க வேண்டியது. ஒரு அணியாக நாலு பேர் சேர்ந்து நேரத்துக்காக ஓட்டுவது. கம்பியில்லாத, தட்டுபோன்ற டிஸ்க் சக்கரங்கள், ஒருவர் பின் சக்கரத்துக்கும் அடுத்தவர் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகலம் இல்லை. மரத்தின்மேல் வரும்போது தூரத்தில் ரயில் வருவதுபோல ஒரு அதிர்வு, முதலில் இருக்கையில் தெரிகிறது, அப்புறம்தான் காதுக்கு வருகிறது. முன்னால் இருப்பவர் வளைவில் மேலே ஒதுங்கி, மற்ற மூவரும் அடியில் கடந்ததும் வாலில் வந்து விழுகிறார். சாய்வுதான் அவரைத் திரும்ப வேகத்தோடு இறக்கிக் கொடுக்கிறது. நேரம் எடுப்பது மூன்றாவது ஆளின் முன் சக்கரத்துக்கு. அதனால் நாலாவது ஆள் தன்னை முழுக்க எரித்துவிட்டு நடுவழியில் விலகிப் போவது தோல்வி இல்லை, அதுதான் திட்டம். இது தெரியாத என் பக்கத்து வரிசைக்காரர்கள் ஒருவர் விலகியதும் அந்த அணிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உச்சுக்கொட்டினார்கள். மைக்கில் இருந்தவர் அப்போது வேறு பிரிவின் பரிசளிப்புக்கு யார் யார் வர வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தார். 2024 பாரிஸில் ஆஸ்திரேலியா 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 40.730 விநாடியில் முடித்தது, சராசரி மணிக்கு 65 கிலோமீட்டர், நின்ற நிலையிலிருந்து கிளம்பி. இந்த ஒரு எண்ணை ஸ்கோர் பலகையில் போட்டு, கண்ணெதிரே ஓடும் அணியின் நேரத்தைப் பக்கத்தில் போட்டிருந்தால் அந்த அரங்கம் எழுந்து நின்றிருக்கும்.

கீரினுக்கு விளக்கம் இல்லாவிட்டாலும் நடந்துவிடுகிறது. டெர்னி என்ற சின்ன மோட்டார் சைக்கிள் வண்டி முன்னால் போகிறது, வீரர்கள் பின்னால் வரிசையில், வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி மணிக்கு 50 ஆகிறது, மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போது வண்டி விலகுகிறது, அதற்கு அப்புறம் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் கத்தியதும் இதற்குத்தான்.

மேடிசனுக்கு வருவோம். டிராக்கில் இருப்பதிலேயே அழகான போட்டி என்று நான் நினைப்பது இது, பார்வையாளர்களுக்கு அன்று மிக மோசமாகப் போய்ச் சேர்ந்ததும் இதுதான். என் பக்கத்தில் ஒரு பெரியவர் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் ஓட்டுகிறாளாம், அதற்காகக் கூட்டி வந்திருக்கிறார். பத்து சுற்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, பாதிப் பேர் மேலே சும்மா சுத்துறாங்களே, அவங்க தோத்துட்டாங்களா?" என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி. எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

அப்போது நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் தொடர்ந்து சைக்கிள் ஓட்டும் போட்டிகள் நடந்தன. ஒருவர் தனியாக, தூக்கமில்லாமல், புத்தி பேதலிக்கும்வரை ஓட்டுவார். ஒரு ஆள் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. ஏற்பாட்டாளர்கள் இரண்டு பேரை ஜோடியாக்கிவிட்டார்கள், ஆளுக்குப் பாதி. அந்த அரங்கத்தின் பெயர்தான் போட்டியின் பெயர். பிரெஞ்சில் இதை அமெரிக்கன் என்றே அழைக்கிறார்கள். இன்றும் அதே கணக்குதான் ஐயா, ஜோடியில் ஒருவர் கீழே ஓட்டத்தில் இருப்பார், மற்றவர் மேலே நீலக் கோட்டுக்கு மேல் மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்குவார், கீழே இருப்பவர் சுற்றி வரும்போது மேலே இருப்பவர் இறங்கி வருவார், ஒருவர் கையை ஒருவர் பிடித்து, வந்தவர் தன் வேகத்தை எல்லாம் அந்தக் கையில் கொடுத்துப் புதியவரை முன்னால் வீசிவிடுவார். ஒரே எண், ஒருவருக்குக் கறுப்பில், ஒருவருக்குச் சிவப்பில். பத்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு புள்ளி ஸ்பிரிண்ட், அதில் முதல் நாலு பேருக்கு 5, 3, 2, 1 புள்ளி, கடைசியில் இரட்டிப்பு. கூட்டத்தை ஒரு சுற்று முந்தினால் 20.

இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு பேத்தி கண்ணை எடுக்கவில்லை. எட்டாம் எண் ஜோடியைப் பிடித்துக்கொண்டாள். கை மாறும்போதெல்லாம் "இப்ப, இப்ப" என்று தாத்தா முட்டியில் தட்டினாள். ஒருமுறை கை தவறியது, பிடிக்க முடியாமல் இருவரும் விலக, அந்த ஜோடி இன்னும் ஒரு சுற்று பழைய ஆளையே ஓட்டவிட வேண்டியதாயிற்று, அவர் தோள் ஆடியதைப் பார்த்து அவளே சொன்னாள், அவர் களைத்துவிட்டார் என்று. முன்வரிசையில் இரண்டு குடும்பங்கள் திரும்பி நான் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தன. அதே நேரத்தில் எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் கும்பல் கும்பலாக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், அன்றைய மிகச் சிறந்த முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கும்போது. புள்ளிப் பலகை மூன்று ஸ்பிரிண்ட் பின்தங்கியே ஓடியது. இரண்டு ஜோடிகள் 20 புள்ளி எடுத்ததைப் பலகை காட்டியபோது மூன்றாவது ஜோடியும் எடுத்து முடித்திருந்தது. கடைசி ஸ்பிரிண்டுக்கு முன்னால் யார் முன்னிலை என்று தெரிந்துகொள்ள நான் முழங்காலில் வைத்த தாளில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், என் கணக்கைத்தான் சுற்றி இருந்த பத்துப் பேர் நம்பினார்கள். இது பார்வையாளர் செய்ய வேண்டிய வேலை இல்லை.

இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். டிக்கெட்டோடு ஒரு பக்கத் தாள், எந்தப் போட்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்று நாலு நாலு வரி. சுற்று எடுத்தவர்களின் எண் பலகையில் ஒரு மூலையில். மைக்கில் பெயர் படிப்பவர் ஒருவர், ஓட்டத்தைச் சொல்பவர் வேறொருவர். முடிவுப் பட்டியலை நடுத்திடலில் ஒரே ஒரு தூணில் ஒட்டாமல் மேலேயும் இரண்டு இடத்தில். இந்த நாலையும் எழுதி, போகும்போது ஏற்பாட்டு மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கியவர் படித்துப் பார்த்துவிட்டு, மைக் விஷயம் தங்களுக்குள்ளும் பேச்சில் இருக்கிறது என்றார்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். இருக்கைகளின் சாய்வு நன்றாக இருக்கிறது, முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலை மறைக்காது, ஆனால் முதல் இரண்டு வரிசையில் குழந்தைகளின் கண்ணுக்கு நேராகக் கைப்பிடிக் கம்பி வருகிறது, மூன்றாவது வரிசைக்கு மேல் போங்கள். உள்ளே வெதுவெதுப்பு, மாலைக்குள் தொண்டை வறண்டுவிடும், தண்ணீர் கையில் இருக்கட்டும். காலையில் தகுதிச் சுற்றுகளில் நீண்ட இடைவெளிகள் உண்டு, குழந்தைகளோடு போகிறவர்கள் மாலை அமர்வுக்கு மட்டும் போனால் போதும். முதல்முறை பார்க்கிறவர்கள் எலிமினேஷன் இருக்கும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள், கணக்கே தேவையில்லாத போட்டி அது.

ஓட்ட நினைக்கிறவர்கள் யோசிக்காமல் பெயர் கொடுக்கலாம். சாம்பியன்ஷிப் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முதுநிலைப் பிரிவில் என்னைவிட மூன்று நாலு விநாடி மெதுவாக 200 மீட்டர் போனவர்களையும் நடுவர்கள் அதே மரியாதையோடு, அதே மூடிய கதவுகளோடு, அதே சரிசெய்த பஞ்சுக் கட்டைகளோடு ஓட்டவைத்தார்கள். போட்டிக்கு முன்னால் மரப்பாதையில் குறைந்தது நாலைந்து பயிற்சிகளாவது எடுத்திருக்க வேண்டும், அதற்கான சான்றும் கேட்கிறார்கள், கேட்பது சரிதான். இரண்டு ஸ்ப்ராக்கெட், உங்கள் சொந்த ஸ்பேனர், ரோலர் இருந்தால் ரோலர். திரும்பிப் பார்க்க வேண்டியது எந்தத் தோளுக்கு மேல் என்று பழகிக்கொண்டு போங்கள்.

நான் அடுத்த முறைக்கும் பெயர் கொடுத்துவிட்டேன், ஸ்பிரிண்டுக்கும் ஸ்க்ராட்சுக்கும். பேத்திக்கு அரங்கத்தின் தொடக்கநிலை வகுப்பு எந்த நாள் என்று தாத்தா வாசலில் விசாரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளுக்கு நான் டிக்கெட் எடுக்கப்போவது எதிர்ப்பக்கம், கடைசிக்கு முந்தின வரிசை. பென்சிலும் தாளும் கொண்டுபோவேன்.